மார்மன் முன்னோடித் தாய்மார்: வாழ்வும் விசுவாசமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1846 முதல் 1869 வரை அமெரிக்கச் சமவெளிகளைக் கடந்து யூட்டாவுக்குப் போன மார்மன் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது தலைவர்களின் பெயர்களே முன்னால் வருகின்றன. அந்தப் பயணத்தில் மாவை அளந்தவளும், பிள்ளை பெற்றவளும், இறந்த பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் நடந்தவளும் தாய்தான். அவளைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இவர்கள் யார்? ஏன் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்?

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்களை மார்மன்கள் என்பார்கள். இன்று அதன் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மிசௌரியிலிருந்து துரத்தப்பட்டு, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊரைக் கட்டினார்கள். 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஜோசப்பும் அவர் அண்ணன் ஹைரமும் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் நாவூவில் இருக்க முடியவில்லை. 1846 பிப்ரவரி 4 அன்று, கடும் குளிரில், முதல் வண்டிகள் ஆற்றைக் கடந்தன.

பின்னால் வந்தவர்களில் பெரும்பகுதி இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காண்டிநேவியா நாடுகளில் சபையில் சேர்ந்த ஏழைத் தொழிலாளிகள். லிவர்பூலில் கப்பலேறினார்கள். பலருக்குச் சபை 1849-ல் தொடங்கிய குடியேற்ற நிதி கடனாகப் பணம் கொடுத்தது. போய்ச் சேர்ந்தபின் உழைத்துத் திருப்பிக் கட்ட வேண்டும்.

எவ்வளவு தூரம்? எத்தனை நாள்?

நாவூவிலிருந்து யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கு வரை சுமார் 2,100 கிலோமீட்டர். முதல் கூட்டத்துக்கு அயோவாவைக் கடக்கவே நான்கு மாதம் பிடித்தது. மழை விடாமல் பெய்ததால் வண்டிச் சக்கரம் குடம் வரை சேற்றில் இறங்கியது. குளிர்காலத்தை இன்றைய ஒமாஹா அருகே, மிசௌரி ஆற்றங்கரையில் வின்டர் குவார்ட்டர்ஸ் என்ற தற்காலிக ஊரில் கழித்தார்கள். அங்கிருந்து, ஜோசப்புக்குப் பின் சபையை நடத்திய பிரிகம் யங் தலைமையில் 1847 ஏப்ரலில் கிளம்பிய முதல் அணியில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 சிறுவர்கள் இருந்தார்கள். ஜூலை 24 அன்று யங் பள்ளத்தாக்கை அடைந்தார். அந்த நாள்தான் இன்றும் யூட்டாவில் முன்னோடிகள் தினம்.

மாட்டு வண்டி ஒரு நாளில் 16 முதல் 24 கிலோமீட்டர் போகும். வண்டி நிறையச் சாமான் என்பதால், முடியாதவர்களும் கைக்குழந்தைகளும் தவிர எல்லோரும் நடந்தார்கள்.

ஒரு குடும்பம் வண்டியில் என்ன ஏற்றியது?

1845-ல் நாவூவில், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு என்று ஒரு பட்டியல் அச்சிட்டுக் கொடுத்தார்கள். நல்ல உறுதியான வண்டி, இரண்டு மூன்று ஜோடி எருதுகள், கறவை மாடு இரண்டு. மாவு 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோ. சர்க்கரை 45 கிலோ, உப்பு 11 கிலோ, அரிசி நாலரைக் கிலோ, ரொட்டி உப்பவைக்கும் சோடா இரண்டேகால் கிலோ, ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர்) பீன்ஸ், உலர்ந்த ஆப்பிள், உலர்ந்த பூசணி, டீ, காபி, சோப்பு 9 கிலோ. இவற்றோடு மிளகு 2 பவுண்டு, பட்டை 1 பவுண்டு, கிராம்பு அரை பவுண்டு, ஜாதிக்காய் ஒரு டஜன். மசாலாவைப் பார்த்து ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே மாவும் உப்புக்கண்டமும் தின்னும் பிள்ளைகளுக்கு உணவு இறங்க வேண்டுமே. துணிமணி, படுக்கை எல்லாம் சேர்த்து 500 பவுண்டுக்கு மேல் கூடாது.

பட்டியலில் உள்ள அத்தனையையும் வாங்க எல்லோராலும் முடியவில்லை. வாங்கியவர்களும் வழியில் எருது தளர்ந்தபோது ஒவ்வொன்றாக இறக்கினார்கள். முதலில் இறங்கியவை பெட்டியும் நாற்காலியும்தான். மாவு மூட்டையை இறக்க மனம் வரவில்லை.

பட்டியலில் டீ, காபி இருக்கிறதே? மார்மன்கள் அவற்றைக் குடிக்க மாட்டார்களே?

மது, புகையிலை, டீ, காபி வேண்டாம் என்ற அறிவுரை 1833-லேயே சபைக்கு வந்துவிட்டது. ஆனால் கண்டிப்பான விதியாக அது அமலானது வெகுகாலத்துக்குப் பின். பாதையில் காபி கொதித்தது, யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழியில் சமையல் எப்படி நடந்தது?

விறகு பெரிய பாடு. பிளாட் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மரமே கிடையாது. அங்கே காட்டெருமையின் காய்ந்த சாணத்தை எரித்தார்கள். வறட்டி எரித்த வீடுகளுக்கு இதன் குணம் தெரியும்: நன்றாகக் காய்ந்திருந்தால் புகையில்லாமல் கனலும், ஈரம் ஏறினால் புகைந்து கண்ணைக் கரிக்கும், அடுப்பும் பற்றாது. அதனால் பெண்களும் பிள்ளைகளும் நடக்கும்போதே ஏப்ரனில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். மழை வரும்போல் இருந்தால் அன்றைய தேவைக்கு மேலேயே சேர்த்து வண்டிக்குள் வைப்பார்கள்.

ரொட்டிக்குக் கனமான மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி. மாவைப் பிசைந்து உள்ளே வைத்து, சட்டிக்கு அடியிலும் மூடியின் மேலும் கனலைப் பரப்ப வேண்டும். அடியில் கனல் கூடிவிட்டால் கீழ்ப்பாகம் கருகி நடுவில் மாவாகவே நிற்கும். சமவெளிக் காற்று கனலை ஒரு பக்கமாக ஊதும் என்பதால் சட்டியைச் சிறு குழிக்குள் இறக்குவதுண்டு. சோடா தீர்ந்தால், இன்றைய வயோமிங்கில் இன்டிபென்டன்ஸ் பாறை அருகே வற்றிய குட்டைகளின் ஓரத்தில் படிந்திருக்கும் வெள்ளைக் காரத்தை வாளியில் அள்ளி மாவில் போட்டார்கள். கடைச் சோடாவைவிடக் காரம் கடுமை. அளவு தவறினால் ரொட்டி கசந்தது. அதே காரத்தண்ணீரைக் குடித்த மாடுகள் செத்து விழுந்தன.

காலையில் கறந்த பாலை மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், குலுங்கிக் குலுங்கி மாலைக்குள் வெண்ணெய் திரண்டுவிடும். அந்த ஒரு வேலையை மட்டும் பாதையே செய்துகொடுத்தது.

ஒரு நாளின் ஒழுங்கு?

1847 அணியின் விதி இது: காலை 5 மணிக்கு ஊதுகொம்பு, ஜெபம், சமையல், 7 மணிக்குப் புறப்பாடு; இரவு 8:30-க்கு மீண்டும் கொம்பு, வண்டிக்கு வண்டி ஜெபம், 9 மணிக்குப் படுக்கை. ஞாயிறு ஓய்வும் ஆராதனையும். தாய்க்கு 5 மணி என்பது பெயரளவில்தான். அதற்கு முன்பே கனலை ஊதி எழுப்பியாக வேண்டும். ஞாயிறு ஓய்வு கிடைக்க வேண்டுமானால் துவையலைச் சனிக்கிழமையே முடித்தாக வேண்டும்.

பிரசவம் எங்கே, எப்படி?

கூடாரத்தில், வண்டிக்குள், ஆற்றங்கரையில். 1846 மார்ச் 22 அன்று சைனா ஹன்டிங்டன் ஜேக்கப்ஸ் அயோவாவில் சாரிட்டன் ஆற்றங்கரையில் ஆண் பிள்ளை பெற்றார். பிள்ளையின் பெயரிலேயே சாரிட்டன் சேர்ந்துகொண்டது.

மருத்துவச்சிகளில் பெயர் பெற்றவர் பேட்டி செஷன்ஸ். 1795-ல் பிறந்தவர். 52 வயதில், நான்கு எருதுகள் பூட்டிய வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு 1847-ல் பள்ளத்தாக்குக்கு வந்தார். வாழ்நாளில் கிட்டத்தட்ட 4,000 பிரசவம் பார்த்தவர் என்று கணக்கு. அவர் நாட்குறிப்பில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: யாருக்கு, எப்போது, ஆணா பெண்ணா.

பிள்ளை பெற்றவளை ஒன்பது பத்து நாள் படுக்கையில் வைத்திருப்பது அக்கால வழக்கம். பாதையில் கூட்டம் சில மணி நேரம் நின்றால் பெரிது. வில் இல்லாத வண்டியில் பச்சை உடம்புக்காரி படுத்துப் போவதால் உதிரப்போக்கு கூடியது, காய்ச்சல் கண்டது. தாய்க்குச் சாப்பாடு குறைந்தால் பால் வற்றும். பால் வற்றினால் பிள்ளைக்கு மாற்று ஏதுமில்லை. அதனால்தான் பல குடும்பங்கள் கறவை மாட்டை எருதுக்கு நிகராகக் காத்தன.

பேறுகாலம் நெருங்கியதும் மற்றப் பெண்கள் கூடி, அவளைக் கழுவி, எண்ணெய் பூசி, தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கும் வழக்கம் அக்காலச் சபையில் இருந்தது. மருத்துவச்சியின் கையும் ஜெபிக்கிற கையும் பல கூடாரங்களில் ஒன்றாகவே இருந்தன.

பிள்ளைகள் எதனால் இறந்தார்கள்?

காலரா, பேதி, தட்டம்மை, காய்ச்சல். ஓடும் வண்டியில் ஏறி இறங்கும்போது தவறிச் சக்கரத்தில் சிக்கியவர்களும் உண்டு. காலராவின் காரணம் எளிது. ஒரே ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் போனபின் இன்னொரு கூட்டம் தங்கியது. முந்தியவர்களின் கழிவு கலந்த நீரைப் பிந்தியவர்கள் குடித்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று லண்டனில் ஜான் ஸ்னோ காட்டியதே 1854-ல். காலையில் நடந்த பிள்ளை இரவுக்குள் போய்விடும்.

வின்டர் குவார்ட்டர்ஸில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றவற்றில் ஒன்று ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய். சோளமாவும் உப்பிட்ட பன்றிக்கறியும் தவிர வேறில்லை, காய்கறியே கிடையாது. கால் கறுத்து ஈறு அழுகியது. உருளைக்கிழங்கும், கைவிடப்பட்ட பழைய கோட்டையருகே தோண்டிய காட்டமான குதிரைமுள்ளங்கியும் வந்தபின் தேறினார்கள்.

ஆனாலும் பாதை முழுவதும் சுடுகாடு என்ற படம் சரியல்ல. எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இறந்தார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் விகிதம் கூடுதல்.

பிள்ளையைப் பாதையில் புதைத்த தாய்க்கு விசுவாசம் என்ன சொன்னது?

இரண்டு போதனைகளைப் புரிந்துகொள்ளாமல் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. முதலாவது: இந்தச் சபையில் குழந்தை ஞானஸ்நானம் இல்லை, எட்டு வயதில்தான். அதற்குமுன் இறக்கும் பிள்ளை பாவமற்றது, கிறிஸ்துவில் இரட்சிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெறாத சிசு என்னவாகும் என்று அஞ்சி வளர்ந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது முத்திரித்தல். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட குடும்பம் மரணத்தோடு பிரிவதில்லை. நாவூவை விட்டுப் போகத்தான் போகிறோம் என்று தெரிந்தும், 1845 டிசம்பர் முதல் 1846 பிப்ரவரி வரை இரவு பகலாக அங்கே கட்டிய ஆலயத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் சடங்குகளைப் பெற்றார்கள். கட்டி முடித்ததும் விட்டுப்போகும் கட்டடத்துக்கு ஏன் இத்தனை உழைப்பு என்று கேட்பவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

துக்கம் இதனால் குறைந்துவிடவில்லை. ஓநாய் தோண்டாமல் இருக்கக் குழிமேல் கல் அடுக்கிவிட்டு, அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கவே முடியாது என்று தெரிந்து நடந்தார்கள்.

கைவண்டி அணிகள் என்றால் என்ன? 1856-ல் என்ன தவறு நடந்தது?

எருதும் வண்டியும் வாங்கப் பணமில்லாதவர்களுக்காக வந்த ஏற்பாடு. 1856 முதல் 1860 வரை பத்து அணிகள், ஏறத்தாழ 3,000 பேர். பெரும்பாலும் அயோவா சிட்டியில் தொடக்கம். ஐந்து பேருக்கு ஒரு கைவண்டி, இருபது பேருக்கு ஒரு வட்டக் கூடாரம். பெரியவருக்கு 17 பவுண்டு, பிள்ளைக்கு 10 பவுண்டுதான் சொந்தச் சாமான். எட்டுக் கிலோவுக்குள் போர்வை, மாற்றுத்துணி, பாத்திரம் எல்லாம் அடங்க வேண்டும். எதை எடுப்பது, எதை விற்பது என்று முடிவு செய்தவள் பெரும்பாலும் தாய்தான்.

இந்தத் திட்டமே பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது தவறு. பத்தில் எட்டு அணிகள் பெரிய சேதமின்றிப் போய்ச் சேர்ந்தன. தலைவர்களின் பெயரால் வழங்கும் வில்லி, மார்ட்டின் அணிகள் இரண்டுக்கும்தான் பேரழிவு. காரணம் ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை.

முதலில், தாமதம். கப்பல்கள் பிந்தின. அயோவா சிட்டியில் வண்டிகள் தயாராக இல்லை. ஜூலை 15-ல் வில்லி அணியும், ஜூலை 28-ல் மார்ட்டின் அணியும் கிளம்பின. ஆகஸ்டு 13 அன்று ஃபுளோரன்ஸ் என்ற இடத்தில் நடந்த கூட்டத்தில் லீவை சாவேஜ் மட்டும், இந்தக் காலத்தில் போனால் முதியவரும் பலவீனரும் சாவார்கள், இங்கேயே குளிர்காலம் தங்குவோம் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் அவர் விலகிப் போகாமல் கூடவே வந்து உழைத்தார்.

அடுத்து, வண்டி. அவசரத்தில் பச்சை மரத்தில் செய்தவை. வறண்ட காற்றில் மரம் சுருங்கி ஆரக்கால் ஆடியது. அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே மணல் புகுந்து மரத்தைத் தின்றது. பன்றிக்கொழுப்பும் சோப்பும் பூசினால் மேலும் மணல் ஒட்டியது. பழைய பூட்ஸ் தோலையும் தகரத்தையும் அச்சில் சுற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பழுதும் அரை நாளைத் தின்றது.

பிறகு, மாவு. நெப்ராஸ்காவில் காட்டெருமைக் கூட்டம் ஓடியதில் வில்லி அணியின் சுமார் 30 மாடுகள் காணாமல் போயின. கூட வந்த மாட்டு வண்டிகளில் இருந்த மாவு மூட்டைகள் மனிதர் இழுக்கும் கைவண்டிகளுக்கு மாறின. ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு என்ற அளவு படிப்படியாகக் குறைந்து, அக்டோபர் நடுவில் ஆணுக்கு 300 கிராம், பெண்ணுக்கு 255, பிள்ளைக்கு 170, கைக்குழந்தைக்கு 85 என்று வந்தது. முழு ஒரு பவுண்டு மாவே நாளெல்லாம் வண்டி இழுக்கிற உடம்புக்குப் பாதித் தேவைதான். பெண் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்தால் அவளுக்கு மிஞ்சியது என்ன என்பதை நாமே கணக்கிடலாம்.

கடைசியாக, குளிர். மார்ட்டின் அணி வேகமாகப் போவதற்காக அக்டோபர் 17 அன்று சுமையை மேலும் குறைத்தது. பெரியவருக்கு 10 பவுண்டு என்று நிர்ணயித்து, மிஞ்சிய போர்வைகளை எரித்தார்கள். இரண்டே நாளில், 19-ம் தேதி, பனிக்கட்டி மிதந்த வட பிளாட் ஆற்றை இறங்கிக் கடந்தார்கள். அன்றே பனிப்புயல் தொடங்கியது. அந்தப் போர்வைகளை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அக்டோபர் 5 அன்று சால்ட் லேக்கில், மாநாட்டுக்கு வந்திருந்தவர்களிடம் பிரிகம் யங், சமவெளியில் இருப்பவர்களைப் போய் அழைத்து வாருங்கள், மற்றப் போதனையெல்லாம் பிறகு என்ற பொருளில் பேசினார். 7-ம் தேதியே முதல் மீட்பு வண்டிகள் கிளம்பின. வில்லி அணி நவம்பர் 9-லும், மார்ட்டின் அணி நவம்பர் 30-லும் நகரை அடைந்தன. சுமார் 1,000 பேரில் 200-க்கும் மேற்பட்டோர் வரவில்லை.

மார்ட்டின் அணியில் ஒரு தாய் எப்படித் தாக்குப்பிடித்தாள்?

ஆமி லோடர் தன் பெண்களோடு நடந்தவர். கணவர் வழியிலேயே இறந்துவிட்டார். ஆற்றைக் கடந்து நனைந்து வந்த பெண்களுக்குத் தன் உள்பாவாடையையும் ஏப்ரனையும் கழற்றி உடுத்திவிட்டார். மகள் பேஷன்ஸ் பின்னாளில் இதை எழுதி வைத்தார்.

எலிசபெத் ஹாராக்ஸ் ஜாக்சன் இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்காரர். ஆற்றைக் கடந்த சில நாளில், அருகில் படுத்திருந்த கணவர் ஆரன் இரவோடு இரவாக இறந்திருந்தார். நிலம் உறைந்திருந்ததால் குழி தோண்ட முடியவில்லை, பனியால் மூடினார்கள். பின்னொரு இரவு கூடாரம் அடிக்கக்கூட ஆளில்லாதபோது, ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஒரு பிள்ளையை மடியிலும் இரண்டு பிள்ளைகளை இருபக்கமும் அணைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தார். அந்த நாட்களில் கணவர் கனவில் வந்து, தைரியமாயிரு, மீட்பு அருகில் என்று சொன்னதாக எழுதியிருக்கிறார். மீட்பு வந்தது. ஆக்டனில் குடியேறி முதுமை வரை வாழ்ந்தார்.

மேரி ஃபீல்டிங் ஸ்மித்தை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

கொல்லப்பட்ட ஹைரமின் மனைவி. 1801-ல் இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் சபையில் சேர்ந்தவர். முதல் மனைவியின் பிள்ளைகளையும் தம் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். 1848-ல் கிளம்பியபோது, அணித்தலைவர் இவரிடம், எல்லோருக்கும் பாரமாவாய் என்றார். உதவி கேட்காமலே உமக்கு முன் போய்ச் சேருவேன் என்று இவர் பதில் கொடுத்தார். வழியில் எருது ஒன்று விழுந்தது. அபிஷேக எண்ணெயை எடுத்து வந்து, மனிதருக்கு ஜெபிப்பது போலவே எருதின்மேல் பூசி ஜெபிக்கச் சொன்னார். எருது எழுந்தது. செப்டம்பர் 23 அன்று பள்ளத்தாக்கை அடைந்தார்.

பின்னர் ஒரு வசந்தத்தில், விளைந்ததில் நல்ல உருளைக்கிழங்கைத் தசமபாகமாகக் கொண்டுபோனார். விதவை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்றார் அங்கிருந்த எழுத்தர். எனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தைத் தடுக்கிறாயா என்று அவரைக் கடிந்துகொண்டார். ஒன்பது வயதில் எருது ஓட்டிவந்த மகன் ஜோசப் எஃப். ஸ்மித் பிற்காலத்தில் சபைத் தலைவரானார்; இவற்றைச் சொன்னவரும் அவரே. எனவே இது மகன் மனத்தில் பதிந்த தாயின் உருவம் என்று கொண்டு படிக்க வேண்டும்.

பலதார மணம்?

நாவூவில் மறைவாகத் தொடங்கியது, 1852-ல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது, 1890-ல் சபை நிறுத்தியது. எல்லாக் குடும்பங்களிலும் இல்லை. சிலர் அதை விசுவாசமாக ஏற்று மேடையேறி ஆதரித்தார்கள். சிலர் நாட்குறிப்பில் அழுதார்கள். ஒரே பெண் இரண்டையும் செய்ததுண்டு. இதை விட்டுவிட்டு முன்னோடித் தாயைப் புகழ்ந்தால் பாதி வாழ்க்கைதான் சொல்லப்படும்.

போய்ச் சேர்ந்ததும் கஷ்டம் தீர்ந்ததா?

இல்லை. முதல் குளிர்காலத்தில் கோட்டைக்குள் கட்டிய அறைகளுக்குத் தட்டையான மண்கூரை. 1848 வசந்த மழையில் கூரை சேறாக ஒழுகியது. மாவு தீரத் தீர, பூர்வகுடிகளிடம் கற்று செகோ லில்லியின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். அதைப்போலவே தோன்றும் நச்சுக்கிழங்கு ஒன்று அப்பகுதியில் உண்டு என்பதால், பூவைப் பார்க்காமல் தோண்டுவது ஆபத்து. அந்த ஆண்டு பயிரை வெட்டுக்கிளி போன்ற பூச்சிகள் மொய்த்தன. கடற்காகங்கள் வந்து அவற்றைத் தின்றதைத் தெய்வச் செயலாகக் கண்டார்கள்.

அந்த நிலம் யாருடையது?

யூட், ஷோஷோன், பையூட் மக்களுடையது. குடியேறிகள் வந்ததும் ஊற்றும் மேய்ச்சலும் அவர்கள் கையை விட்டுப் போயின. 1863 ஜனவரி 29 அன்று பேர் என்ற ஆற்றின் கரையில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான ஷோஷோன்களைக் கொன்றது. அவர்களில் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தார்கள்.

கறுப்பினத் தாய்மார் யாரேனும் உண்டா?

ஜேன் மேனிங் ஜேம்ஸ். கப்பலில் இடம் மறுக்கப்பட்டதால் 1843-ல் குடும்பத்தோடு பலநூறு மைல் நடந்தே நாவூவுக்கு வந்தார். 1846-ல் அயோவாவில் வழியிலேயே மகனைப் பெற்றார். 1847 செப்டம்பரில் பள்ளத்தாக்கை அடைந்தார். 1849-ல் சக குடியேறியான எலைசா லைமன் தன் நாட்குறிப்பில், ஜேன் தன்னிடமிருந்த மாவில் பாதியை, இரண்டு பவுண்டு, தனக்குக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார். அதே ஜேன் ஆலயச் சடங்குக்காகத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தும், நிறத்தைக் காரணம் காட்டிச் சபை மறுத்தது. 1908-ல் இறக்கும்வரை சபையை விடவில்லை. அந்தத் தடை நீங்கியது 1978-ல். விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு கேட்பவர்களுக்கு முதலில் இவரைத்தான் சொல்வோம்.

தமிழகத்தோடு ஏதாவது தொடர்பு?

சிறிதாக ஒன்று உண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியர் 1852-ல் குடும்பத்தைச் சால்ட் லேக்கில் விட்டுக் கிளம்பி, 1853 ஜூலையில் சென்னை வந்திறங்கி ஓராண்டு பிரசங்கித்தார். திரும்பும் வழியில், 1855-ல், ஒரு குடியேற்ற அணியைத் தலைமையேற்று அழைத்துப் போனார். இத்தகைய ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. ஊழியர் கடல் கடந்திருந்த அந்த ஆண்டுகளில் நிலத்தை உழுவித்து, பாசன முறைக்குக் காத்திருந்து தண்ணீர் பாய்ச்சி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டது வீட்டிலிருந்த மனைவி.